எங்கள் மகள் சாட்சி அல்ல

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஐயர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை இன்றும் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். காப்பி குடித்துவிட்டு, "இந்த வருஷம் ஸ்தோத்திர ஆராதனையில நீங்க ரெண்டு பேரும் பிள்ளையத் தூக்கிட்டு முன்னால வந்து சாட்சி சொல்லணும். குழந்தை இல்லாத நாலு குடும்பத்துக்குத் தைரியமா இருக்கும்" என்றார்கள். நல்ல மனசோடு கேட்டதுதான். தத்தெடுப்பு பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசுகிறோம், சட்டத்தைச் சொல்கிறோம், நாங்கள் காத்திருந்ததைச் சொல்கிறோம், ஆனால் பிள்ளையை முன்னால் நிறுத்தி அவள் எங்கிருந்து வந்தாள் என்று சொல்லமாட்டோம் என்றோம். அத்தைக்குத் தாங்கவில்லை. "ஐயர் கேக்காவ, மாட்டேங்குதியே" என்று அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்களுக்குச் சாட்சி என்பது பெரிய காரியம். நோய் தீர்ந்தவர், வேலை கிடைத்தவர், குடியை விட்டவர் எழுந்து நின்று தன் வாயால் சொல்வார். அதைக் கேட்டு அழுதிருக்கிறேன், பலப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளெல்லாம் சொல்கிறவருக்குச் சொந்தமானவை. எங்கள் மகளின் பிறப்பும், அவள் பெற்றவளைப் பிரிந்ததும் அவளுக்குச் சொந்தம். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். சபையில் இருநூறு பேருக்குத் தெரிந்த பிறகு, தனக்குப் புரியாத வயதில், ஓய்வுநாள் பள்ளியில் பக்கத்துப் பிள்ளை சொல்லி அவள் தன் கதையைத் தெரிந்துகொள்ளக் கூடாது. எங்களிடமிருந்து, எங்கள் வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைக் கேட்கும்போது சொல்வோம். பிறகு யாருக்குச் சொல்வது என்பதை அவள் தீர்மானிப்பாள்.

சாட்சி என்றால் அதற்கு ஒரு வடிவம் வந்துவிடுகிறது. வருஷக்கணக்கில் மடி வெறுமையாக இருந்தது, ஜெபித்தோம், கர்த்தர் கொடுத்தார். இதில் பிள்ளை எங்கள் கேள்விக்கு வந்த பதிலாகிவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு இழப்பு இருந்தது என்பதற்கு அந்த வடிவத்தில் இடமில்லை. பெற்றவளோ கதையின் ஆரம்பத்தில் ஒரு இருட்டாக வந்து மறைந்துபோகிறாள்.

பிள்ளையில்லாமல் இருந்த வருஷங்களில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனால் அன்னாளின் ஜெபத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மலடி என்று இகழப்பட்டவள் தேவாலயத்தில் மனங்கசந்து அழுதாள், சாமுவேலைப் பெற்றாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள். அன்பாகத்தான். ஒருவரும் அந்தக் கதையின் அடுத்த பாதிக்குப் போனதில்லை. பால் மறந்த சாமுவேலை அன்னாள் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். அவனைப் பக்கத்தில் வைத்து வளர்த்தவர் ஏலி, இன்னொருத்தி பெற்ற பிள்ளையை வளர்த்த ஒரு கிழவர். இரவில் சத்தம் கேட்டு அந்தப் பையன் எழுந்து ஓடுவது அவரிடம்தான். குழந்தையில்லாத பெண்ணுக்குப் பிரசங்கிக்க அந்தப் பக்கமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

தத்தெடுக்கப் பதிவு செய்த பிறகு ஜெபம் கடினமாயிற்று. சட்டப்படி, ஒரு தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாற அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் திரும்பி வந்து கேட்டால் குழந்தை அவளுடையது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையென்றால் பெற்றோரைத் தேட வேண்டும். தேடியும் கிடைக்காதபோது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள்ளும் அதற்கு மேற்பட்ட குழந்தையை நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்கு உரியது என்று அறிவிப்பார்கள். இதைப் படித்த அன்று கணவர் கேட்டார், "அப்படின்னா நாம எதுக்காக ஜெபிக்கிறோம்? எங்கேயோ ஒரு பொண்ணு திரும்பி வராம இருக்கணும்னா?" எனக்குப் பதில் இல்லை. அதன் பிறகு எங்கள் குடும்ப ஜெபத்தில், சீக்கிரம் ஒரு பிள்ளையைத் தாரும் என்ற வரியை விட்டுவிட்டோம். யார் பிள்ளையானாலும் அது பெற்றவளிடமே இருக்க வழி உண்டானால் அந்த வழி திறக்கட்டும், வழியே இல்லையென்றால் நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்தோம். காத்திருப்பு இதனால் குறையவில்லை. நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். 2024-25-இல் நடந்த தத்தெடுப்புகள் மொத்தமே 4,515.

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இந்த வரிசையில் நிற்கவே இடமில்லை. இது பல கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே தெரியாது. 1956-இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி குடும்பங்களுக்கு மிஞ்சியது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதன்படி நீதிமன்றம் உங்களைக் காப்பாளராக நியமிக்கும். பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான தத்தெடுப்புச் சட்டம் கொண்டுவர 1972-இல் ஒரு மசோதா வைத்தார்கள், 1978-இல் திரும்பப் பெற்றார்கள். 1980-இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை.

கணவரின் சித்தப்பா அந்தக் காலத்தில் ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். சபையில் ஞானஸ்நானம், பள்ளியில் அவர் இனிஷியல், வீட்டில் அப்பா என்ற அழைப்பு எல்லாம் இருந்தது. நீதிமன்றக் காகிதத்தில் மட்டும் அவர் காப்பாளர். உயில் எழுதாமல் மாரடைப்பில் போய்விட்டார். கிறிஸ்தவர்களின் வாரிசுரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி. நேர் வாரிசு இல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி ரத்த உறவுகளுக்கு. அந்த மகள் நேர் வாரிசாகவும் இல்லை, ரத்த உறவாகவும் இல்லை. அவள் வளர்ந்த வீட்டில் அவளுக்கு ஒரு செங்கல்லும் இல்லை என்றாகிவிட்டது. என் மாமனார் சார்பதிவாளர் அலுவலகம் போய்த் தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாச் சகோதரர்களும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கோயிலில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்த குடும்பம்தான்.

கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1999-இல் கேரள உயர் நீதிமன்றம், கிறிஸ்தவத் தம்பதியர் தத்தெடுக்கலாம், அந்தப் பிள்ளைக்குச் சொத்தில் பங்குண்டு என்று ஒரு வழக்கில் சொன்னது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 110-ஆம் பிரிவு, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுத்தவரின் பிள்ளைகளாகவே ஏற்கிறது. திருச்சபைச் சட்டம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாட்டில் கிறிஸ்தவருக்குச் சட்டமே இல்லாமல் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-இல் அதற்கு வந்த திருத்தமும்தான் மதம் பார்க்காமல் தத்தெடுக்க வழி செய்தன. அந்த வழி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2014 பிப்ரவரி 19 அன்று. ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கு அது. அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், தலைமையிலான அமர்வு. தத்தெடுப்பதை அடிப்படை உரிமை என்று அறிவிக்க நீதிமன்றம் மறுத்தது. ஆனால் மதச் சட்டம் என்ன சொன்னாலும், விரும்புகிறவர் இந்தப் பொதுச் சட்டத்தின் கீழ் தத்தெடுப்பதை அது தடுக்க முடியாது என்றது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தத்துப்பிள்ளை எல்லா வகையிலும், வாரிசுரிமை உட்பட, பெற்ற பிள்ளைக்குச் சமம் என்று எழுதிவைத்துவிட்டது. சித்தப்பாவின் மகளுக்கு அது பிந்தி வந்த நியாயம்.

சட்டம் இல்லாத காலத்திலும் எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்கள் இருந்தார்கள். களக்காடு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் டோனாவூர். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அங்கே குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார், கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த பெண் குழந்தைகளை முக்கியமாக. 1918 முதல் ஆண் குழந்தைகளையும். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 1951-இல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருக்கிறேன், இன்னும் மனதில் நிற்கிறது. பெரிய அன்பு அது, சந்தேகமில்லை. இன்றைக்கு ஒரு தாயாக யோசிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அவர் எழுதிய நூல்கள் வழியாக அந்தக் குழந்தைகளின் கதைகளும் படங்களும் இங்கிலாந்து வரை போயின. அந்தக் காலத்துக்கு அது இயல்பு. கேட்கவும் அனுமதி தரவும் அந்தப் பிள்ளைகளுக்கு வயது இல்லை.

பக்தியும் அவசரமும் கைகோத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஹோல்ட் குடும்பத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹாரி ஹோல்ட் என்ற விவசாயி, மனைவி பெர்தா. அவர்களுக்கே ஆறு பிள்ளைகள். கொரியப் போரில் அனாதையானவர்களைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மனம் உருகி, 1955-இல் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். சட்டம் இரண்டு பேருக்கு மேல் அனுமதிக்காததால், அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்காகத் தனியே ஒரு சட்டம் போட்டது. அவர்கள் தொடங்கிய அமைப்பு, பிள்ளை கேட்பவர்கள் விசுவாசிகளா என்று பார்த்தது. தூரத்திலிருந்தே பதிலாள் வைத்துத் தத்தெடுக்கும் முறையும் நடந்தது. அதன் பிறகு வந்த பல பத்தாண்டுகளில் பல அமைப்புகள் வழியாகத் தென்கொரியாவிலிருந்து ஏறக்குறைய 2 இலட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முடிவைச் சொன்னது: பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளைக்கூட அனாதை என்று பதிவு செய்திருந்தார்கள், ஆவணங்கள் மாற்றப்பட்டிருந்தன, அரசே பொறுப்பு. ஹாரியும் பெர்தாவும் கெட்ட மனசுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் எட்டு நாற்காலி கூடுதலாகப் போட்டவர்கள் அவர்கள். ஆனால் காப்பாற்றுகிறோம் என்ற உறுதி வந்துவிட்டால், இவளுக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்கிறவர் தடைபோடுகிறவராகத் தெரிவார்.

நம்மூரிலும் அந்த அவசரம் உண்டு. "இவ்வளவு வருஷம் ஏன் காத்திருக்கிய? எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தி இருக்கா" என்று கோயில் வாசலிலேயே எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளிச்சத்துக்கு வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அப்படி வாங்கப்படும் பிள்ளைக்குப் பிறந்த கதை என்று ஒன்று மிஞ்சாது. பதினெட்டு வயதானதும் தன் வேரைத் தேடும் உரிமையை விதிமுறை இன்று தத்துப்பிள்ளைக்குத் தருகிறது. ஆனால் தேட ஒரு கோப்பு வேண்டும். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது, குப்பைத் தொட்டியில் போடப்பட இருந்த பெண் சிசுக்கள் அரசுத் தொட்டிலுக்கு வந்தார்கள். அங்கே வந்த குழந்தைக்கு ஒரு பதிவு உண்டு. கோயில் வாசலில் கைமாறும் குழந்தைக்கு அதுவும் கிடையாது.

எங்களுக்குச் செய்தி வந்தபோது திரையில் ஒரு படம், மருத்துவ அறிக்கை, குழந்தை பற்றிய குறிப்பு. குழந்தையை எங்களுக்கென்று ஒதுக்கி வைக்க 48 மணி நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் படிவத்தில் மதம் கேட்டோ ஜாதி கேட்டோ விருப்பம் சொல்ல இடமே இல்லை. அது என்ன பெரிய விடுதலை என்பது உறவுக்காரர்கள் வந்தபோதுதான் புரிந்தது. ஜாதி இல்லையென்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த எங்கள் ஆட்களில் சிலர், தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டது, "எந்த ஆளுகளோ, விசாரிச்சியளா?" கல்யாண நோட்டீஸிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஜாதியைக் காப்பாற்றி வைத்திருக்கிற சபைகளுக்கு ஒரு தத்துப்பிள்ளை எவ்வளவு பெரிய சோதனை என்று அன்று பார்த்தேன். பதில் சொன்னது என் மாமனார். "நம்ம ஆளுதான். என் பேத்தி." அதற்குமேல் யாரும் பேசவில்லை. சாட்சி விஷயத்தில் கோபித்த அத்தையும் அன்றைக்கு எங்கள் பக்கம்தான். வந்தவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மதம் பற்றிய கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, கிறிஸ்தவர் அல்லாதவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். எந்த வீட்டுப் பிள்ளையோ, நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டீர்களே, சரியா? நியாயமான கேள்வி. எந்தப் பெற்றோரும் தங்கள் வீட்டு வழிபாட்டில்தான் பிள்ளையை வளர்க்கிறார்கள், நாங்களும் அப்படியே. எங்கள் சபையில் திடப்படுத்தல் என்று ஒன்று உண்டு. விவரம் தெரிந்த வயதில் பிள்ளை தானே முன்வந்து இந்த விசுவாசம் என்னுடையது என்று சொல்வது. சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பெற்ற பிள்ளைக்கு உள்ள அந்தச் சுதந்திரம் இவளுக்கு ஒரு துளி குறையக் கூடாது. எங்களுக்கு நன்றி சொல்லும் விதமாக அவள் ஆலயத்துக்கு வரவேண்டியதில்லை. ஆத்தும அறுவடைக்காகக் கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கிறார்கள் என்று யாரேனும் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் வளர்ப்பது எங்கள் பொறுப்பு.

தத்தெடுப்பும் விசுவாசமும் உரசிக்கொண்ட இடங்கள் பெரிய அமைப்புகளுக்கும் உண்டு. தனியாக வாழ்கிறவர்களும் விவாகரத்தானவர்களும் தத்தெடுக்க வழிசெய்த விதிமுறைகளை ஏற்க முடியாமல், அன்னை தெரசாவின் சபை 2015-இல் இந்தியாவில் தத்துக் கொடுக்கும் பணியையே நிறுத்திக்கொண்டது. அவர்கள் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் தனியாக இருந்து ஒரு பெண் குழந்தையை வளர்க்கும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இல்லாதது எதுவும் எங்கள் வீட்டில் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்கு மோசேயின் கதையை நான்தான் முதலில் சொன்னேன். நாணற்பெட்டி, நதி, இளவரசி. ஓய்வுநாள் பள்ளியில் இளவரசியின் இரக்கத்தோடு கதையை முடித்துவிடுவோம். வேதத்தில் அப்படி முடியவில்லை. பெட்டி போன பக்கமாக அக்கா நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெற்றவளே பாலூட்ட வருகிறாள். யாத்திராகமம் பெற்றவளின் பெயரை யோகெபேத் என்று சொல்கிறது. எடுத்து வளர்த்த இளவரசியின் பெயரை அது சொல்லவே இல்லை. தத்தெடுத்தவர்கள் இதை அடிக்கடி வாசிக்க வேண்டும். என் மகள் அதில் பிடித்துக்கொண்டது அந்த அக்கா மிரியாமை. "அந்த அக்கா ஏம்மா வீட்டுக்குப் போகல?" என்றாள். தம்பி நல்லபடியா இருக்கானான்னு பாக்கணும்ல, என்றேன். "எனக்கும் அக்கா இருக்கா?" தெரியலடா செல்லம், என்றேன். அதுதான் உண்மை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முறுக்கு கேட்டாள்.

சபைகள் செய்யக்கூடிய காரியங்கள் நிறைய, பெரும்பாலும் செலவில்லாதவை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். வரிசையாக உட்காரவைத்து, நாம் பரிமாறுவதைப் போட்டோ எடுக்கிறோம். அந்த போட்டோவை நிறுத்தலாம். இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உண்டு, வறுமைதான் அவர்களை அங்கே விட்டது. அந்தத் தாய்க்கு ஒரு தையல் மெஷினும் வாடகைக்கு வழியும் செய்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும். தத்தெடுப்பை நேசிக்கிற குடும்பம் முதலில் செய்ய வேண்டியது இது என்றே நாங்கள் நம்புகிறோம், எங்கள் தசமபாகத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது. குடும்பமே இல்லாதவர்களில் ஆறு ஏழு வயதைத் தாண்டியவர்கள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், உடலில் குறையோடு பிறந்தவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு நிற்கும் வரிசை அவர்களுக்கு இல்லை. அவர்களைப் பற்றி ஐயர்மார் பிரசங்கத்தில் சொல்லலாம்.

இன்னொரு அவசரமான காரியம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அக்கா பிள்ளையை, தம்பி பிள்ளையை எடுத்து வளர்ப்பது சகஜம். காகிதம் எதுவும் இருக்காது. சித்தப்பா மகளுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கும். பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் தாத்தா பாட்டியும் உறவினர் என்ற முறையில், மதம் எதுவானாலும், சட்டப்படி தத்தெடுக்க இன்று வழி இருக்கிறது. பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். 2022 செப்டம்பர் முதல் ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். ஆணை வந்ததும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோராக உங்கள் பெயரே வரும். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதையே எழுதலாம்.

ஐயரிடம் நாங்கள் சொன்னதை அவர்கள் தள்ளிவிடவில்லை. ஸ்தோத்திர ஆராதனையில் எங்கள் பெயரைச் சொல்லாமல், சபைகள் அடங்கிய சேகரத்தில் காப்பாளர் காகிதத்தோடும் காகிதமே இல்லாமலும் பிள்ளை வளர்க்கிற குடும்பங்கள் வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தலை நரைத்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், முப்பது வருஷமாக மகன் என்று அழைப்பவருக்கு இன்னும் உயில் எழுதவில்லை. வயதுவந்தவரை இந்தச் சட்டத்தில் தத்தெடுக்க முடியாது, அவருக்கு உயில் ஒரு வழி. மறுநாளே கணவர் அவரைப் பத்திர எழுத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களுக்காக, அடுத்த பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு அலுவலரை அழைத்திருக்கிறோம். ஆதார், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களோடு வரச் சொல்லியிருக்கிறோம்.